சங்கமே நடத்துவதா, வாரியத்திடம் வாங்குவதா, மாநகராட்சியோடு ஒப்பந்தமா?

அமைப்புசாரா தொழிலாளருக்கு மருத்துவம், குழந்தைக் காப்பகம், முதுமைக்கால ஓய்வூதியம் எல்லாம் யார் தர வேண்டும் என்று கேட்டால், அரசுதான் என்று நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் அரசு ஒதுக்கும் பணம் ஒரு சித்தாளின் கைக்கு வந்து சேர்வதற்குள் நடுவே யாராவது நிற்க வேண்டியிருக்கிறது. மனு நிரப்பித் தருவதும், அலுவலகப் படி ஏறுவதும், நிராகரிக்கப்பட்டால் ஏன் என்று கேட்பதும் அவர் வேலை. பெரும்பாலும் அவர் ஒரு சங்கத்துக்காரர். அந்தச் சங்கம் எந்தச் சேவையைத் தானே நடத்த வேண்டும், எதை அரசை நடத்த வைக்க வேண்டும் என்பதில்தான் இந்தியாவின் தொழிலாளர் அமைப்புகள் வெவ்வேறு வழிகளில் போயிருக்கின்றன. தல்லி ராஜ்ஹரா, அகமதாபாத், புனே, சென்னை ஆகிய நான்கு ஊர்களை எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம்.

சுரங்கக் கூலிகள் கட்டிய மருத்துவமனை

தல்லி ராஜ்ஹரா இன்றைய சத்தீஸ்கரில் இருக்கிறது. பிலாய் உருக்காலைக்கு இரும்புத் தாது அனுப்பும் சுரங்க ஊர். அங்கே ஒப்பந்தக் கூலிகளாக இருந்தவர்கள் 1977இல் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். அதை வழிநடத்தியவர் சங்கர் குஹா நியோகி. அதே ஆண்டு ஜூன் தொடக்கத்தில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் உயிரிழந்தார்கள். பிறகு, சங்கத்தின் துணைத் தலைவியாக இருந்த குசும்பாய் பிரசவத்தின்போது முறையான சிகிச்சை கிடைக்காமல் இறந்தார். நமக்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சாவிலிருந்து வலுப்பெற்றது. 1982இல் சிறு மருந்தகமாகத் தொடங்கி, 1983 ஜூன் 3 அன்று ஷஹீத் மருத்துவமனை திறக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களின் நினைவாகவே அந்தப் பெயர்.

தொழிலாளர்கள் காசு போட்டார்கள், உடலுழைப்பும் தந்தார்கள். விநாயக் சென், சைபால் ஜானா, ஆசிஷ் குண்டு போன்ற மருத்துவர்கள் அவர்களோடு வந்து சேர்ந்தார்கள். சுரங்கத் தொழிலாளர் சிலர் பயிற்சி பெற்றுச் சுகாதாரப் பணியாளர்களாகவே ஆனார்கள். தேவையில்லாத ஊசி, தேவையில்லாத டானிக் கூடாது என்று நோயாளிகளிடமே பிரசாரம் செய்தார்கள். கூலிக்காகப் போராடிய அதே சங்கம் சாராயத்துக்கு எதிராகவும் நின்றது. 1991 செப்டம்பர் 28 அன்று நியோகி சுட்டுக்கொல்லப்பட்டார், மருத்துவமனை மூடப்படவில்லை. ஒரு தனிமனிதரை மட்டும் நம்பி எழுந்த நிறுவனம் அப்படி ஓர் இழப்பைத் தாங்கியிருக்காது.

ஆனால் இந்த வழிக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. ஒரே ஊர், ஒரே தொழில், ஆயிரக்கணக்கான உறுப்பினர், ஒரே போராட்டத்தில் வென்ற கூலி உயர்வு என்று எல்லாம் ஓரிடத்தில் கூடியிருந்தன. சென்னையில் கட்டடம் கட்டடமாக மாறும் சித்தாள்களை வைத்து இதே மருத்துவமனையை எழுப்ப முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன்.

பத்து ரூபாய்ப் பங்கிலிருந்து

சிதறிக் கிடக்கும் தொழிலாளரை வைத்தும் செய்ய முடியும் என்று காட்டியது அகமதாபாத். இலா பட் 1972இல் சுயதொழில் செய்யும் பெண்களுக்கான சேவா அமைப்பைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப் போனபோது, உங்களுக்கு முதலாளி யார் என்று கேட்டுப் பதிவாளர் தயங்கினார். தலைச்சுமைக்காரர், தள்ளுவண்டி வியாபாரி, வீட்டில் துணி தைப்பவர் ஆகியோருக்குச் சுட்டிக்காட்ட ஒரு முதலாளி இல்லை. சங்கம் என்பது முதலாளியை எதிர்க்க மட்டுமல்ல, உறுப்பினர் ஒன்றுசேரவும்தான் என்று வாதாடித்தான் பதிவு வாங்கினார்கள்.

வங்கிகள் இந்தப் பெண்களை உள்ளே விடவில்லை. எனவே 1974இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டுச் சொந்த வங்கி தொடங்கினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவரைப் புகைப்படத்தை வைத்து அடையாளம் கண்டார்கள். அதன்பின் 1990இல் சுகாதாரக் கூட்டுறவு, 1992இல் காப்பீடு என்று ஒவ்வொன்றாக வளர்ந்தன. நடுவே குழந்தைப் பராமரிப்புக்கும் கூட்டுறவு வந்தது. இதில் ஒரு காரணத் தொடர்ச்சி இருக்கிறது. வாங்கிய கடன் ஏன் திரும்பவில்லை என்று பார்த்தால் வீட்டில் யாருக்காவது நோய்; வேலைநாள் ஏன் குறைந்தது என்று பார்த்தால் கைக்குழந்தை. சேவாவின் சேவைகள் உறுப்பினரின் வருமானம் எங்கே ஒழுகுகிறது என்று தேடிப்போய் அடைத்தவை.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. ஜெயா அருணாசலம் 1978இல் சென்னையில் வொர்க்கிங் வுமன்ஸ் ஃபோரத்தைத் தொடங்கினார். சேரிப் பகுதிகளின் சிறு வியாபாரிப் பெண்களுக்கு முதலில் வங்கிக் கடன் வாங்கித் தந்து, அந்த வழியின் சிக்கல்களைப் பார்த்தபின் 1981இல் சொந்தக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு மாறினார்கள்.

இந்த வழியின் சிறப்பு நேரம். அங்கன்வாடி பிற்பகலில் மூடிவிடும். சித்தாள் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். இடைப்பட்ட அந்த மணிநேரங்களில் மூத்த பெண்பிள்ளை பள்ளியை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். வேலைக்குப் போகும் தாய்மார்களே நிர்வாகத்தில் இருக்கும் காப்பகம் தாயின் வேலைநேரத்துக்குத் திறந்திருக்கும். அரசு ஆணை ஒன்று இதைச் செய்ய எத்தனை ஆண்டாகும் என்று நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

குறை என்ன? பணம். ஏழையிடமிருந்து ஏழைக்கே திரட்டும் நிதியில் சிறு கடனும் சிறு காப்பீடும் நடக்கும், காப்பகம் நடக்காது. தாய் தரக்கூடிய கட்டணம் பராமரிப்பாளரின் சம்பளத்துக்குப் போதாது. வெளியிலிருந்து நிதி வாங்கினால் அந்த நிதிக்கு ஓர் அரசியல் விலை வருகிறது. 2001 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பின் தொடங்கிய ஜீவிகா மறுவாழ்வுத் திட்டத்தில் மாநில அரசுக்கும் சேவாவுக்கும் கணக்கு வழக்குகளில் மோதல் முற்றி, 2005இல் சேவா வெளியேறியது. அவ்வளவு பெரிய அமைப்புக்கே இந்த நிலை.

குப்பை பொறுக்கியவர்கள் ஒப்பந்தம் போட்டபோது

புனே வேறு பாதை. அங்கே குப்பை பொறுக்குவோர் 1993இல் சங்கமானார்கள். காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத் என்பது அதன் பெயர். சுமைதூக்குவோரை ஒன்றுதிரட்டிய பாபா ஆடவின் துணை அவர்களுக்கு இருந்தது. மாநகராட்சி ஒப்புக்கொண்ட அடையாள அட்டைதான் முதல் வெற்றி. திருடர்கள் என்று விரட்டப்பட்டவர்களுக்கு அது சிறிய விஷயமல்ல. நகரின் குப்பைச் செலவை இவர்கள் குறைத்துத் தருகிறார்கள், எனவே மாநகராட்சி இவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்று வாதாடி, மாநகராட்சிப் பணத்திலேயே மருத்துவக் காப்பீடும் பெற்றார்கள். 2008இல் அவர்களின் ஸ்வச் கூட்டுறவு வீடு வீடாகக் குப்பை வாங்க மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்தது. வீட்டுக்காரர் மாதக் கட்டணம் தருகிறார், விற்கக்கூடிய கழிவும் சேகரிப்பவருக்கே, நிர்வாகச் செலவுக்கு மாநகராட்சி.

மற்ற ஊர்களில் சங்கம் தன் உறுப்பினருக்குச் சேவை தருகிறது. புனேயில் உறுப்பினர்களே நகருக்குச் சேவை தருகிறார்கள், அந்த உரிமையில் தங்களுக்கானதைக் கேட்கிறார்கள். கேட்பவரின் குரல் இங்கே உரத்து ஒலிக்கிறது. ஆனால் ஒப்பந்தம் என்றால் அதற்கு முடிவு தேதி உண்டு. நீட்டிப்புக்காகக் காத்துக் கிடந்த காலங்களும், பெரிய நிறுவனங்களின் வண்டிகளுக்கு வழிவிடச் சொன்ன அழுத்தமும் அவர்களுக்கு இருந்தன. அப்போதெல்லாம் காப்பாற்றியது கூட்டுறவைவிட, அதற்குப் பின்னால் கலையாமல் நின்ற சங்கம்தான். சங்கமில்லாமல் மகளிர் குழுக்களிடம் குப்பை அள்ளும் வேலையை ஒப்படைக்கும் நகரங்கள், மலிவான ஒப்பந்தக்காரரைத்தான் உருவாக்குகின்றன.

வாரியம்: பணம் இருக்கிறது, கை எட்டவில்லை

இனி நம் ஊர். தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982இல் வந்தது. நிர்மாண் மஸ்தூர் பஞ்சாயத் சங்கம் போன்ற கட்டுமானத் தொழிலாளர் சங்கங்கள் ஆண்டுக்கணக்காகத் தெருவில் நின்றபின் 1994இல் அரசின் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. நிர்மாண் சங்கமும் பிற மாநில அமைப்புகளும் சேர்ந்து நடத்திய தேசிய இயக்கத்தின் பலனாக 1996இல் மத்தியச் சட்டங்கள் இரண்டு வந்தன. கட்டடச் செலவில் 1 சதவீதத்தை நலநிதியாகக் கட்ட வேண்டும் என்பது அவற்றின் சாரம். பிள்ளைகளின் கல்வி, திருமணம், மகப்பேறு, விபத்து மரணம், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு வாரியம் உதவித்தொகை தருகிறது. பின்னர் தையல், சலவை, முடிதிருத்தல், 2007இல் வீட்டு வேலை, 2023இல் இணையவழி விநியோகத் தொழில் என்று வாரியங்கள் பெருகின.

அளவில் இதற்கு இணை எதுவும் இல்லை. மற்ற மூன்று வழிகளும் ஒரு நகரத்தையோ ஓர் அமைப்பின் உறுப்பினர்களையோ தொடும். வாரியம் ஒரு மாநிலத்தையே தொடுகிறது. அந்தத் தொழிலிலிருந்தே பணம் வருகிறது என்பதும் முக்கியம். தொழிலாளியின் உழைப்பில் எழும் கட்டடம் அவருக்கு ஏதாவது திருப்பித் தரட்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது.

ஆனால் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கைப் பாருங்கள். நாடு முழுவதும் 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகி, செலவானது சுமார் 9,500 கோடி மட்டுமே. அதிலும் சில இடங்களில் லேப்டாப், வாஷிங் மெஷின் வாங்கியதாகத் தணிக்கையில் தெரியவந்து நீதிபதிகள் கொதித்தார்கள். வறுமையால் நின்றுபோன திட்டம் அல்ல இது. பணம் பெட்டியில் கிடக்க, பள்ளிக் கட்டணத்துக்குக் கந்துவட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டிருந்தார் தொழிலாளி.

காரணம் எளியது. வாரியத்துக்குக் காகிதம் வேண்டும். கட்டுமானத் தொழிலாளியிடம் இல்லாதது காகிதம்தான். மேஸ்திரி எழுத்தில் எதுவும் தருவதில்லை. கிராம நிர்வாக அலுவலரின் சான்றுக்காக ஒரு நாள் கூலி போகிறது. இணையவழிப் பதிவு வந்தபின் இ-சேவை மையத்தில் இன்னொரு நாள். புதுப்பிக்கத் தவறினால் அட்டை செத்துவிடும், விபத்தோ அதற்காகக் காத்திராது. 2020 ஊரடங்கில் வாரியம் நிவாரணம் தந்தபோது பட்டியலில் பெயர் இருந்தவருக்குக் கிடைத்தது. ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து நம் ஊரில் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலில் இருந்திருப்பார்கள்?

இன்னொரு குறை வெளியே தெரிவதில்லை. வாரியம் பணம் தரும், சேவை தராது. பிரசவத்துக்குத் தொகை வரும். மறுபடி வேலைக்குப் போகும்போது குழந்தையை வைத்துக்கொள்ள இடம் வராது. 50 பெண்களுக்கு மேல் இருக்கும் பணியிடத்தில் காப்பகம் வேண்டும் என்று 1996 சட்டம் சொன்னது. நான்கு கொத்தனாரும் ஆறு சித்தாளும் வேலைசெய்யும் இரண்டு மாடி வீட்டுக்கு அந்த விதி பொருந்தவே இல்லை.

வாரியம் என்றாலே இப்படித்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. மகாராஷ்டிரத்தின் மாத்தாடி சட்டம் 1969இலேயே வந்தது. சுமைதூக்குவோரின் கூலியையும் அதன் மேல் ஒரு தீர்வையையும் முதலாளி வாரியத்தில் கட்ட வேண்டும். வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, போனஸ், மருத்துவம் எல்லாம் அதிலிருந்து வருகின்றன. முதலாளியும் பதிவேட்டில் இருப்பதால், தான் தொழிலாளி என்று நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் தலையில் விழுவதில்லை. நம் 1982 சட்டத்தின் பெயரிலும் வேலையை முறைப்படுத்துதல் என்று இருக்கிறது. நடைமுறையில் அது உதவித்தொகை வழங்குவதாகச் சுருங்கிப்போனது பெரிய இழப்பு.

எது, எதற்கு

ஓய்வூதியம், விபத்து இழப்பீடு, மரண உதவி ஆகியவற்றுக்கு வாரியம்தான். இவற்றைச் சங்கம் சொந்தக் காசில் நடத்த முயன்றால் ஒரு மோசமான ஆண்டே அதைக் கவிழ்த்துவிடும். சேமிப்புக்கும் சிறு கடனுக்கும் அகமதாபாத் வழி. தெரிந்த முகத்திடம்தான் பெண்கள் பணத்தை ஒப்படைப்பார்கள். அரசு மருத்துவமனைகள் ஓரளவேனும் இயங்கும் தமிழ்நாட்டில் ஷஹீத் போன்ற மருத்துவமனை முதல் தேவை அல்ல. அங்கே வழிகாட்டிக் கூட்டிப்போகும் ஆளும், மலிவு மருந்துக் கடையும் இருந்தால் பாதிச் சிரமம் தீரும். துப்புரவுத் தொழிலுக்குப் புனேயின் ஒப்பந்தம் பொருந்தும், சங்கம் முதலில் உருவாகியிருந்தால் மட்டும்.

குழந்தைக் காப்பகத்தில்தான் எனக்கு உறுதியான நிலைப்பாடு உண்டு. வாரியத்தின் பணம், சங்கங்களின் நிர்வாகம், தாய்மாரின் வேலைநேரம் ஆகிய மூன்றும் சேராமல் அது நடக்காது. நலநிதியில் ஒரு பங்கைக் காப்பகத்துக்கென ஒதுக்கி, கட்டடத்துக்கு ஒன்று என்றில்லாமல் தொழிலாளர் குடியிருக்கும் பகுதிக்கு ஒன்று என அமைத்து, பெண் தொழிலாளர் கூட்டுறவுகளிடம் கொடுக்க வேண்டும். பராமரிப்பாளருக்கு நியாயமான ஊதியமும் அந்த நிதியிலிருந்தே வரட்டும். கணக்கை அரசு தணிக்கை செய்யட்டும். கதவு திறக்கும் நேரத்தைத் தாய்மார் முடிவு செய்யட்டும்.

பழைய சட்டங்களைச் சேர்த்து மத்திய அரசு இயற்றிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. கட்டுமானத் தொழிலாளருக்கான 1996 சட்டங்கள் அவற்றுக்குள் கரைந்துவிட்டன. தமிழ்நாட்டு வாரியங்களின் நிலை என்னவாகும் என்ற கவலை சங்கங்களிடம் இருக்கிறது. விதிகளைப் பற்றி மாநில அரசோடு பேசப்போகும் சங்கங்கள் வாரியத்தைக் காப்பாற்றுங்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வரக் கூடாது. காப்பகத்துக்கான தனி ஒதுக்கீடு, சங்கம் தரும் பணிச்சான்றுக்கு மதிப்பு, வெளிமாநிலத் தொழிலாளிக்கு வேலைத் தலத்திலேயே பதிவு ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு வர வேண்டும்.