மறைக்கல்வி ஏடு: வாங்குமுன் 2267ஆம் எண்ணைப் பாருங்கள்

கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைகளை எண்ணிட்ட பத்திகளாகத் தொகுத்துத் தரும் அதிகாரபூர்வ நூலான மறைக்கல்வி ஏட்டை, மரண தண்டனை குறித்த சர்ச்சையை மூலத்திலேயே படிப்பதற்காக, இணையக் கடை ஒன்றில் வாங்கினேன். தாளும் தைப்பும் நன்று. பொருளகராதி அதைவிட நன்று. ஆனால் 2267ஆம் எண்ணைப் புரட்டியபோது, குற்றவாளியைக் கொன்றே ஆகவேண்டிய சூழல் நடைமுறையில் அநேகமாக இல்லை என்று கூறும் 1997ஆம் ஆண்டு வாசகமே அதில் இருந்தது. மனித மாண்பைத் தாக்குவதால் இத்தண்டனை ‘ஏற்கத்தகாதது’ எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2018 ஆகஸ்டில் அதை மாற்றிவிட்டார். விற்பனைப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஒருவகையில் அதுவும் நல்லதாயிற்று. மரபுப் போதனை மரண தண்டனையை விலக்கவில்லை என்று பழைய வாசகம் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்வதைப் படித்த பிறகுதான், இம்மாற்றம் போதனையின் வளர்ச்சியே என வத்திக்கான் சொல்வதும், விவிலியத்தின் உரோமையர் 13:4இல், தீமை செய்வோரைத் தண்டிக்க ஆட்சியாளர் ஏந்துவதாக வரும் வாளைச் சுட்டி அது முரண்பாடு என எதிர்ப்பாளர் வாதிடுவதும் விளங்கின. எச்சூழலிலும் தவறு எனப் பொருள்படும் ‘இயல்பிலேயே தீயது’ என்னாமல் ‘ஏற்கத்தகாதது’ என்றதில்தான் சிக்கல் இருக்கிறது என்பது என் கருத்து. புதிய வாசகத்தை அச்செடுத்து அப்பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டேன்.