ஹாஃப் டிமினிஷ்டு கார்ட்: நான்கு பிடிகளில் எதில் தொடங்குவது?

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் குயரில் (பாடகர் குழுவில்) கிட்டார் வாசிக்கும் பிள்ளைகள் மேஜர், மைனர், செவன்த் எல்லாம் பார்த்தே பழகிவிடுகிறார்கள். மைனர் செவன்தின் ஐந்தாம் ஸ்வரத்தை அரை ஸ்வரம் இறக்கிய ஹாஃப் டிமினிஷ்டு கார்ட் வந்ததும் கை தயங்குகிறது. பலரும் அந்த இடத்தில் வெறும் மைனரைப் போட்டுத் தாண்டிவிடுவார்கள். பாட்டு ஓடிவிடும், வரி முடியும் முன் வரவேண்டிய அந்தத் தவிப்பு மட்டும் வராது. அந்தத் தவிப்புக்காகத்தான் இந்தக் கார்டே.

பி ஹாஃப் டிமினிஷ்டு என்றால் பி, டி, எஃப், ஏ. சி-யை ஸட்ஜமாக வைத்தால் சங்கராபரணத்தின் நி, ரி, ம, த. ஏ-யை ஸட்ஜமாக வைத்தால் நடபைரவியின் ரி, ம, த, ஸ. ராகத்துக்கு வெளியே ஒரு ஸ்வரமும் இல்லாததால் ஏ மைனரில் பாடும் கீர்த்தனைக்கு இதைத் தைரியமாகப் போடலாம். இது, அப்புறம் ஈ செவன்த், கடைசியில் ஏ மைனர்: எந்தப் பிடியைக் கற்றாலும் இந்த மூன்றையும் சேர்த்தே கற்க வேண்டும். தனியாக மீட்டினால் அரைகுறையாகத்தான் கேட்கும்.

கம்பிகளை மெல்லியதிலிருந்து ஒன்று முதல் ஆறு வரை எண்ணுங்கள்; கம்பிக்குப் பக்கத்தில் வரும் எண் அழுத்தவேண்டிய ஃப்ரெட் (கழுத்தில் உள்ள கட்டம்). முதலில் திறந்த கம்பிப் பிடி. ஐந்தாம் கம்பியில் 2, மூன்றாம் கம்பியில் 2, முதல் கம்பியில் 1. நான்காவதும் இரண்டாவதும் திறந்தே ஒலிக்கும், ஆறாவதை மீட்டக்கூடாது. இதன் அழகு ஈ செவன்துக்குப் போகும்போது தெரியும். ஐந்தாம் கம்பியில் இருக்கும் விரலை எடுக்கவே வேண்டாம். ஆள்காட்டி விரல் முதல் கம்பியிலிருந்து மூன்றாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டுக்கு வந்தால் போதும், மூன்றாம் கம்பியில் இருந்த விரலை எடுத்துவிடலாம். குறை ஒன்றுதான்: இந்தப் பிடி நகராது. பாடுகிறவர் சுருதியை மாற்றினால் கேப்போ (கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் கவ்வி) தேட வேண்டும்.

ஐந்தாம் கம்பியை அடியாகக் கொண்ட பிடி, அதாவது கார்டின் பெயர் ஸ்வரம் அந்தக் கம்பியில் வரும் பிடி, நகரும். பி-க்கு ஐந்தாம் கம்பியிலிருந்து இரண்டாம் கம்பி வரை 2, 3, 2, 3. ஆள்காட்டி, மோதிர விரல், நடுவிரல், சுண்டு விரல் என்று வைத்தால் கை இயல்பாக உட்காரும். ஆள்காட்டியின் நுனி ஆறாம் கம்பியை லேசாகத் தொட்டு அடக்க வேண்டும். சுண்டு விரலைச் சற்றுச் சாய்த்தால் முதல் கம்பியும் அடங்கும். பி-யில் முதல் கம்பி தப்பி ஒலித்தாலும் காதில் உறுத்தாது. ஒரு ஃப்ரெட் ஏற்றி சி-யில் பிடித்தால் அதே கம்பி ஈ ஃப்ளாட்டோடு மோதும். மூன்றாம் கம்பியில் மட்டும் ஒரு ஃப்ரெட் இறக்கினால் முழு டிமினிஷ்டு கிடைக்கும். இரண்டையும் மாறி மாறி மீட்டிப் பாருங்கள், ஹாஃப் எது, முழு டிமினிஷ்டு எது என்ற பெயர்க் குழப்பம் அன்றே தீர்ந்துவிடும். என் ஓட்டு இந்தப் பிடிக்கே.

ஆறாம் கம்பிப் பிடி கனமானது. எஃப் ஷார்ப்புக்கு ஆறாம் கம்பியில் 2, நான்கிலும் மூன்றிலும் 2, இரண்டில் 1. ஐந்தாவதை நடுவிரல் அடக்க வேண்டும். விரலால் மீட்டுகிறவருக்கு அருமை. எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக வருடி ஸ்ட்ரம் செய்தால் ஐந்தாவது கசியும். எஃப் ஷார்ப்பில் அது கெடுதல் இல்லை, ஏ அந்தக் கார்டிலேயே இருக்கிறது. ஜி ஷார்ப்பில் கசிந்தால் நாராசம். பி-க்கு இது ஏழாம் ஃப்ரெட்டுக்குப் போகும். குமரி மாவட்டம் இரண்டு பருவமழையும் பெறும் ஊர். விலை குறைந்த கிட்டாரின் மரம் ஈரம் வாங்கிக் கம்பி மேலே எழும்பினால் அங்கே அழுத்துவது சிரமம். இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் கம்பிப் பிடியில் ஈ-க்கு நான்கில் 2, மற்ற மூன்று மெல்லிய கம்பிகளிலும் 3. மோதிர விரல் ஒன்றே மூன்றையும் படுத்து அழுத்தும். இதன் ஸ்வரங்களும் ஜி மைனர் சிக்ஸ்தின் ஸ்வரங்களும் ஒன்றே, அதனால் மனதில் சீக்கிரம் பதியும். கீபோர்டும் பேஸ் கிட்டாரும் இருக்கும் குயரில் இதுதான் சரி, அடிஸ்தாயியில் யாரோடும் இடிக்காது. தனியாக ஒருவர் பாட, நீங்கள் மட்டும் வாசிக்கும்போது மைனர் சிக்ஸ்த் என்று நினைத்து ஜி-யை அடியில் வைத்துவிடாதீர்கள். ஸ்வரங்கள் அவையே என்றாலும், பி-க்கு அடுத்து ஈ செவன்த் வருவதுபோல ஈ-க்கு அடுத்து வரும் ஏ செவன்துக்கு ஈ அடியில் இருந்து வரும் அந்தத் தள்ளல் கிடைக்காது.