மெயின்ஃப்ரேம் ஃபைல்களுக்கு ஏடி-டிஎல்எஸ்: சில வருட அனுபவம்

ஐபிஎம் மெயின்ஃப்ரேமின் ஆபரேட்டிங் சிஸ்டமான இசட்/ஓஎஸ் ஓடும் எங்கள் இரண்டு சிஸ்டங்களுக்கு நடுவே ராத்திரி பேட்ச் ஃபைல்கள் வெறும் எஃப்டிபியில்தான் போய்க்கொண்டிருந்தன. பாஸ்வேர்டு உட்பட எதற்கும் மறைப்பு இல்லை. ஏடி-டிஎல்எஸ் (டிஎல்எஸ் என்கிரிப்ஷனை நெட்வொர்க் அடுக்கிலேயே செய்யும் இசட்/ஓஎஸ் வசதி) மூலம் எஃப்டிபிஎஸ்ஸுக்கு, அதாவது டிஎல்எஸ் பாதுகாப்புள்ள எஃப்டிபிக்கு, மாறிச் சில வருடங்கள் ஆகின்றன. இரண்டு பக்கமும் இசட்/ஓஎஸ் என்றால் தயங்காமல் இதையே எடுக்கலாம்.

எஸ்எஸ்ஹெச் வழியாக ஃபைல் அனுப்பும் எஸ்எஃப்டிபி ஏன் வேண்டாம் என்றோம்? அதற்கு எங்களிடம் இருந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் மென்பொருள், டேட்டாசெட்டை (மெயின்ஃப்ரேமின் சொந்த ஃபைல் வகை) நேரடியாகத் தொடாது. யூனிக்ஸ் ஃபைலாக நகலெடுத்து அனுப்பி, அந்தப் பக்கம் திரும்ப டேட்டாசெட்டாக்க வேண்டும். எஃப்டிபியில் டைப் இ, மோட் பி கொடுத்தால் எப்சிடிக் (மெயின்ஃப்ரேமின் எழுத்துக் குறியீடு) அப்படியே போகும். நீளம் மாறும் விபி ரெக்கார்டுகளின் எல்லையும் கலையாது. டிஎல்எஸ் வந்த பிறகும் இது மாறவில்லை. கோபால் (COBOL) மொழிப் புரோகிராம்களில் ஒரு வரிகூடத் தொடவில்லை.

ஏடி-டிஎல்எஸ்ஸுக்கான விதிகளை, அதாவது பாலிசியை, எழுதும்போது அப்ளிகேஷன் கண்ட்ரோல்டு (டிஎல்எஸ்ஸை எப்போது தொடங்குவது என்று எஃப்டிபியே சொல்லும்), செகண்டரி மேப் (துணைக் கனெக்ஷனுக்கும் அதே பாலிசி) இரண்டையும் ஆன் செய்யுங்கள். எஃப்டிபியின் டேட்டா கனெக்‌ஷன் தனியாகத் திறப்பதால் இரண்டாவது மிக முக்கியம்.

அதிக நேரத்தைத் தின்றது ஃபயர்வால்தான். லாகின் ஆகும், ஃபைல் அனுப்பும் புட் கட்டளை கொடுத்ததும் அப்படியே நிற்கும். கண்ட்ரோல் கனெக்‌ஷன் என்கிரிப்ட் ஆகிவிட்டதால், எந்த டேட்டா போர்ட்டைத் திறப்பது என்று ஃபயர்வாலால் படிக்க முடியவில்லை. சர்வரின் எஃப்டிபி.டேட்டா என்ற செட்டிங்ஸ் ஃபைலில் பாசிவ் டேட்டா போர்ட்ஸ் வரம்பைக் குறித்து, அதே வரம்பை நெட்வொர்க் ஆட்களிடம் கேட்டுத் திறந்த பிறகுதான் ஓடியது.

ஹேண்ட்ஷேக் (டிஎல்எஸ் இணைப்பின் தொடக்கப் பேச்சு) தோற்றால் ஆர்சி, அதாவது ரிட்டர்ன் கோடு, எண்ணைப் பாருங்கள். 402 என்றால் இரு பக்கத்துக்கும் பொதுவான சைஃபர் (என்கிரிப்ஷன் முறை) இல்லை. 202 என்றால் சர்டிஃபிகேட்கள் இருக்கும் கீ ரிங் திறக்கவில்லை. பெரும்பாலும் ஜாப்பின் யூசர் ஐடிக்கு, பாதுகாப்பு மென்பொருளான ராக்எஃப்பில் அனுமதி இருக்காது. 401, சர்டிஃபிகேட் காலாவதி. இதற்காகவே இசட்/ஓஎஸ்ஸின் ஹெல்த் செக்கரில் ராக்எஃப் சர்டிஃபிகேட் எக்ஸ்பைரேஷன் செக் இருக்கிறது. அதன் எச்சரிக்கை ஒருவர் கண்ணில் கட்டாயம் படும்படி வையுங்கள்.

சிபியு கவலை வேண்டாம். பிராசஸரிலேயே இருக்கும் சிபாக்ஃப் (CPACF) வசதியை இயக்கியிருந்தால் ஏஇஎஸ் என்கிரிப்ஷன் சிப்பிலேயே நடக்கும், அந்த வசதிக்குக் கட்டணமும் இல்லை. குட்டி ஃபைல்கள் நூற்றுக்கணக்கில் போனால் மட்டும் ஹேண்ட்ஷேக் செலவு தெரியும். முடிந்தவரை ஒரே செஷனில் சேர்த்து அனுப்புங்கள்.

ராட்சத ஃபைல் பாதியில் அறுந்தால் செக்பாயிண்டிலிருந்து தானாகத் தொடர வேண்டும் என்பவர்களுக்கு ஐபிஎம்மின் ஃபைல் அனுப்பும் மென்பொருளான கனெக்ட் டைரக்ட், அதன் என்கிரிப்ஷன் பகுதியான செக்யூர் பிளஸ்ஸோடு, நல்ல தேர்வு. லைசென்ஸ் கையில் இருந்தால் அந்த ஃபைல்களை மட்டும் அதில் விடுங்கள்.