வெள்ளிக்கிழமை வேலைவாய்ப்பு முகாம்: மூன்று முறை சென்று வந்தபின் ஒரு மதிப்பீடு

பள்ளிப் படிப்பு முடிந்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைப்பதும், மூன்றாண்டுக்கு ஒருமுறை அந்தப் பதிவைத் தவறாமல் புதுப்பிப்பதும் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு கடமையாகவே இருந்துவருகின்றன. அதே அலுவலகம், மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் என்ற பெயரில், மாதத்தின் குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் தனியார் நிறுவனங்களைத் தன் வளாகத்துக்கே வரவழைத்து நேர்காணல் நடத்துகிறது. ஒரு ஜவுளிக்கடையின் கணக்குப் பிரிவில் எட்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, கடை மூடப்பட்டதால் வேலை தேடத் தொடங்கிய நான், எங்கள் மாவட்டத்தில் இத்தகைய மூன்று முகாம்களுக்குச் சென்றேன். இப்போது பார்க்கும் வேலை மூன்றாவது முகாமின் வழியாகக் கிடைத்தது. ஆயத்தத்துடன் செல்பவருக்கு இது மிகவும் பயனுள்ள சேவை என்பதும், வெறுங்கையோடு போய் வரிசையில் நிற்பவருக்கு ஒரு நாள் வீண் என்பதும் என் அனுபவத்தில் கண்ட உண்மை.

முதலில் ஓர் அச்சத்தைத் தீர்த்துவிடுகிறேன். தனியார் வேலையில் சேர்ந்தால் அரசு வேலைக்கான பதிவு மூப்பு போய்விடும் என்று எண்ணி முகாமுக்குப் போகாமலே இருப்பவர்களை நான் நேரில் அறிவேன். அப்படி எதுவும் நடக்காது. முகாமில் தேர்வானாலும் பதிவு மூப்பு பாதிக்கப்படாது என்று ஒவ்வொரு முகாம் அறிவிப்பிலும் தெளிவாகவே அச்சிடுகிறார்கள். நுழைவுக்கும் நேர்காணலுக்கும் கட்டணம் கிடையாது.

முதல் முறை நான் பதினொன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பெயரைப் பதிந்துவிட்டு, கையிலிருந்த ஒன்பது சுயவிவரப் படிகளையும் ஒன்பது மேசைகளில் கொடுத்துவிட்டு, ஒரு மணிக்குள் வீடு திரும்பினேன். எங்கிருந்தும் அழைப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்பது இரண்டாவது முகாமில், ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையின் மேசை அருகே என் முறைக்காகக் காத்திருந்தபோதுதான் புரிந்தது. அங்கிருந்த மனிதவள அலுவலர் வாங்கிய ஒவ்வொரு தாளின் வலது மேல் மூலையிலும் பேனாவால் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொண்டிருந்தார்: விண்ணப்பதாரரின் ஊர், அவருக்குத் தெரிந்த வேலை, எப்போது சேர முடியும் என்பது. இவற்றைக் கேட்டு எழுத நேரமில்லாத நெரிசலில் வந்த தாள்கள் மூலையில் எதுவும் எழுதப்படாமலே அடுக்கின் அடியில் போயின. நான் முந்தைய முறை கொடுத்த சுயவிவரத்தில் முதல் பத்தி முழுவதும் என் குறிக்கோளும் கடின உழைப்பும் பற்றியதாக இருந்தது. டேலி என்னும் கணக்கு மென்பொருள் தெரியும், ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்வேன் என்பவை இரண்டாம் பக்கத்தில் கிடந்தன.

அன்று இரவே சுயவிவரத்தை ஒரே பக்கமாகச் சுருக்கினேன். பெயருக்கும் கைபேசி எண்ணுக்கும் கீழே, அந்த அலுவலர் மூலையில் எழுதியதையே தடித்த எழுத்தில் ஒரு வரியாக வைத்தேன்: கணக்கர், எட்டு ஆண்டு அனுபவம், டேலி மற்றும் ஜிஎஸ்டி, பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர், உடனே சேரலாம். வேலை தேடுபவர் எவரானாலும், எந்த வழியில் தேடினாலும், இந்த ஒரு மாற்றத்தைச் செய்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சிறிய ஊர் நிறுவனங்களுக்கு ஆள் எங்கிருந்து வருகிறார் என்பது சான்றிதழுக்கு இணையான முக்கியத்துவம் உடையது. ஷிப்ட் முடிந்து திரும்பப் பேருந்து இல்லாதவரைச் சேர்த்துக்கொண்டால் அவர் இரண்டே மாதத்தில் நின்றுவிடுவார் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள்.

மூன்றாவது முகாமுக்கு முன்னதாக, அதே வேலைவாய்ப்புத் துறை நடத்தும் தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையத்தில் என் விவரங்களைப் பதிந்தேன். வேலை தேடுபவரும் வேலை தருபவரும் கட்டணமின்றிப் பதிந்துகொள்ளும் தளம் அது. மாவட்டவாரியாகத் தேடி, முகாமுக்கு வரவிருப்பதாகச் செய்தித்தாளில் பெயர் வந்த நிறுவனங்களில் கணக்குப் பிரிவுக்கு ஆள் கேட்டிருப்பவை மூன்று என்று கண்டுகொண்டேன். ஆகவே ஒன்பது மேசைகளுக்கும் போகாமல், ஒன்பதரை மணிக்கே சென்று அந்த மூன்றில் மட்டும் நிதானமாகப் பேச முடிந்தது. நௌக்ரி போன்ற தளங்கள் சென்னை, கோவை போன்ற நகரங்களில் மென்பொருள் வேலை தேடுபவருக்கு ஏற்றவையாக இருக்கலாம்; மாவட்டத் தலைநகரிலேயே தங்கி வேலை பார்க்க விரும்புபவருக்கு இந்தத் தளமும் முகாமும் சேர்ந்து தரும் பயன் அங்கே கிடைப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சம்பளத்தைப் பற்றிக் கேட்கத் தயங்கவே கூடாது. மேசையில் ஒட்டியிருக்கும் தொகை கையில் வரும் தொகை அன்று. எனக்குச் சொல்லப்பட்ட 15,000 ரூபாயில் அடிப்படைச் சம்பளம் 10,000. அதில் 12 விழுக்காடு வருங்கால வைப்பு நிதிக்கு 1,200 ரூபாய்; மொத்தச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டாததால் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐக்கு அந்த மொத்தத்தில் 0.75 விழுக்காடு, அதாவது 113 ரூபாய். கையில் வருவது 13,687. இவ்விரண்டும் நமக்கே பாதுகாப்பாக அமையும் பிடித்தங்கள் என்பதால் அவற்றைக் குறையாக எண்ண வேண்டியதில்லை; பிடித்தமே இல்லை என்று ஒரு நிறுவனம் பெருமையாகச் சொன்னால்தான் யோசிக்க வேண்டும். ஆனால் பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும், ஏனெனில் அதைத் தாமாக எவரும் சொல்வதில்லை.

பேசி முடித்ததும் நாங்களே அழைக்கிறோம் என்பார்கள். அந்த இடத்தில் எழுந்து வந்துவிடாமல், பேசியவரின் பெயரையும் எண்ணையும், எந்த நாளுக்குள் முடிவு தெரியும் என்பதையும் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். திங்கட்கிழமை காலையில் வருகைப்பதிவு வேலையில் அவர்கள் மூழ்கியிருப்பார்கள் என்பது என் பழைய கடை அனுபவத்தில் தெரியும். ஆகவே பிற்பகல் மூன்று மணிக்குமேல் அழைத்தேன். மூவரில் ஒருவர் எடுக்கவில்லை, ஒருவர் இடம் நிரம்பிவிட்டது என்றார், மூன்றாமவர் புதன்கிழமை நேரில் வரச் சொன்னார். மேலாளர் முன்னிலையில் ஒரு மணி நேரம் டேலியில் பதிவுகள் போடச் சொல்லிப் பார்த்தார்கள். அடுத்த முதல் தேதியில் சேர்ந்தேன்.

குறைகளும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விடுவது சரியாகாது. வருகின்ற இடங்களில் பெரும்பகுதி விற்பனையிலும் உற்பத்திப் பிரிவிலும்தான். முப்பத்தைந்து வயதைக் கடந்தவருக்கான இடங்கள் மிகக் குறைவு. என்னுடன் வரிசையில் நின்ற ஒரு பெண்மணி, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் மீண்டும் வேலைக்கு வர விரும்பியவர், நான்கு மேசைகளிலும் வயதைக் கேட்டதும் திருப்பி அனுப்பப்பட்டார். அவருடைய பி.காம் சான்றிதழை ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. இரண்டாவது முகாமில் ஒரு நிறுவனத்தார், பயிற்சிக் கட்டணமாக 2,500 ரூபாய் கட்டினால் உடனே பணியாணை என்றார்கள். அங்கிருந்த அலுவலரிடம் சொன்னதும் அவர் வந்து விசாரித்தார். சிறிது நேரத்தில் அந்த மேசை காலியானது. வேலைக்குப் பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம், முகாமிலேயே முறையிடுங்கள்.

நிறுவனங்களின் பட்டியல் முகாமுக்கு இரண்டு நாட்களுக்கு முன்புதான் வெளியாகிறது; அதிலும் பணியிடம், சம்பளம், வயது வரம்பு ஆகியவை இருப்பதில்லை. இவை ஒரு வாரம் முன்னதாகவே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டால், தமக்குரிய இடம் இல்லாதவர்கள் ஒரு நாள் கூலியை இழந்து வரவேண்டியிருக்காது. முகாம் முடிவில் கொடுத்த கருத்துப் படிவத்தில் இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முகாமுக்குப் போகிறவர்களும் அதே கருத்தை எழுதினால் மாற்றம் விரைவில் வரும் என்று நம்புகிறேன். சான்றிதழ்களின் நகல்களை மட்டும் முந்தைய நாளே எடுத்துவிடுங்கள். பத்து மணிக்குமேல் வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் நிற்கும் வரிசை உள்ளே உள்ள வரிசையைவிட நீளமானது.