பித்தளை உரலை அனுப்பி அலுமினிய உரலை வாங்கிய கதை

கொழும்பு புறக்கோட்டையில் எங்களுக்குச் சமையல் சாமான் கடை. அப்பா தொடங்கியது. காசு லாச்சிக்குப் பின்னால் நான் உட்கார்ந்தே இருபத்தாறு வருடம் ஆகிறது. முறுக்கு உரல், இடியப்பத் தட்டு, புட்டுக் குழல், நீத்துப்பெட்டி, சுளகு, அப்பச்சட்டி, தேங்காய் திருவலை எல்லாம் கூரையில் இருந்து தொங்கும். உயரமானவர்கள் குனிந்துதான் உள்ளே வரவேண்டும். ஒன்லைன் விற்பனைத் தளம் ஒன்றில் ஐந்து வருடம் விற்றுக் கையைச் சுட்டுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். தளத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால், அது மட்டும்தான் மோசம் என்று நினைத்துக்கொண்டு பக்கத்துத் தளத்தில் போய் விழுவீர்கள்.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். கொஞ்சம் தலை தூக்கினோம், ஒக்டோபரில் திரும்பவும் புறக்கோட்டையை மூடினார்கள். வாடகை மட்டும் மூடவில்லை. அந்த நேரத்தில்தான் ஒரு பையன் போன் எடுத்தான். "அண்ணா, மூன்று மாதத்துக்குக் கொமிஷன் இல்லை. வியாபாரப் பதிவு, அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், இவ்வளவும் போதும்." அடுத்த நாளே கொடுத்தேன்.

பொய் சொல்லக்கூடாது, முதல் இரண்டு வருடம் நன்றாகத்தான் போனது. மாத்தறையில் இருந்தும் குருநாகலில் இருந்தும் ஓர்டர் வந்தது. இடியப்பத் தட்டுக்கு எங்கள் ஆட்களைவிடச் சிங்கள வீடுகளில்தான் கிராக்கி என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மூன்று மாதம் முடிந்ததும் கொமிஷன் வந்தது, பிறகு ஏறியது. அதை நான் குறை சொல்லவில்லை. கடை வாடகையும் ஏறத்தானே செய்கிறது? 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டு வரிசையில் கூரியர் வான் கிடந்து, பொதி எடுக்கப் பத்து நாள் ஆள் வரவில்லை. அதற்கும் 'தாமதமாக அனுப்பியவர்' என்று எனக்குத்தான் கறுப்புப் புள்ளி விழுந்தது. அன்றைக்கே யோசித்திருக்கவேண்டும்.

முதல் அடி நீத்துப்பெட்டியில் விழுந்தது.

புட்டு அவிக்கிற, பனையோலையில் கூம்பாகப் பின்னிய பெட்டி அது. வடமராட்சியில் ஒரு அக்கா பின்னி இரவு பஸ்ஸில் போட்டுவிடுவார். கையில் எடுத்தால் பாரமே தெரியாது, 150 கிராம் வந்தால் அதிகம். ஆனால் அமுங்காமல் போய்ச் சேரவேண்டும் என்றால் பக்கத்துக்கு 30 சென்ரிமீற்றர் இருக்கிற பெட்டியில்தான் வைக்கவேண்டும். ஒருநாள் தளத்தில் இருந்து ஆங்கிலத்தில் நீளமான மின்னஞ்சல் ஒன்று வந்தது. நான் வாசிக்கவில்லை. யார்தான் வாசிக்கிறார்கள்? இனிமேல் பொதிக்குக் கன அளவு நிறையும் பார்ப்போம் என்பதுதான் அதில் இருந்த விஷயம்.

இது விமானப் பொதிகளில் பழைய கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் வருவது கிலோ. தராசு காட்டுகிற நிறை, இந்தக் கணக்கு நிறை, இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் காசு. என்னுடைய பெட்டிக்கு 30 தர 30 தர 30, அதாவது 27,000. ஐயாயிரத்தால் வகுத்தால் 5.4 கிலோ. 150 கிராம் ஓலைப்பெட்டி ஐந்தரைக் கிலோ அரிசி மூட்டையாகிவிட்டது! கூரியர்காரரைப் பிழை சொல்லமாட்டேன், வானில் இருக்கிற இடத்தைத்தானே அவர் விற்கிறார். ஆனால் வாங்குபவரிடம் ஒரு கிலோவுக்கான கட்டணத்தை மட்டும் வாங்கிவிட்டு, மிச்சத்தை இரண்டு கிழமை கழித்து என்னுடைய கணக்கில் வெட்டினார்கள். அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்த இரண்டு கிழமையில் பத்து நீத்துப்பெட்டி போயிருந்தது. ஒன்று 650 ரூபா, மொத்தம் 6,500. கொமிஷன் 12 வீதம், 780. அந்தக் கொமிஷனுக்கு மேல் 18 வீத வற் வரி, 140. காசு கைமாற்றும் கட்டணம் 130. 'இலவச டெலிவரி'க்கு என்னுடைய பங்கு 325. கடைசி வரியில் 'நிறைத் திருத்தம்' என்று போட்டு, பெட்டிக்கு 400 வீதம் 4,000. கையில் வந்தது 1,125 ரூபா. அக்காவுக்கு நான் பெட்டிக்கு 380 வீதம் கொடுத்த 3,800 தனி. 6,500 ரூபாவுக்கு விற்று 2,675 ரூபா நட்டப்பட்டேன். 'வாழ்த்துகள், இந்த மாதம் உங்கள் விற்பனை கூடியிருக்கிறது' என்று அன்றைக்கு ஒரு செய்தியும் வந்தது.

அதனால், எந்தத் தளத்துக்குப் போனாலும் பெட்டியை அளந்து பார்த்துவிட்டு விலை போடுங்கள். சுளகு, கூடை, தலையணை, பிளாஸ்டிக் வாளி விற்பவர்கள் இரண்டு தரம் அளக்கவேண்டும்.

அடுத்தது உரல்.

2024 தீபாவளி ஒக்டோபர் 31. அதற்குப் பத்து நாளைக்கு முன்னர் பித்தளை முறுக்கு உரல் ஒன்றுக்கு ஓர்டர் வந்தது, 6,900 ரூபா. நல்ல பாரமான உரல், ஐந்து அச்சு. நானே துடைத்து, பழைய பத்திரிகையில் சுற்றி, பெட்டியில் வைத்து அனுப்பினேன். நவம்பர் முதற்கிழமை 'தரம் சரியில்லை' என்று திரும்பி வருவதாகத் தகவல் வந்தது. பொதி என் கைக்கு வருவதற்கு முன்னரே வாங்கியவருக்குக் காசு போய்விட்டது. தளத்தில் அதுதான் விதி.

பொதியைக் கடையில் வேலை செய்யும் தம்பிதான் பிரித்தான். பிரித்துவிட்டு ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தான். உள்ளே இருந்தது பழைய அலுமினிய உரல். கைப்பிடி ஒரு பக்கம் தேய்ந்து சரிந்திருந்தது. நட்சத்திர அச்சின் துளைகளில் காய்ந்த மா. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் தேங்காய் எண்ணெய்ச் சிக்கு வாடை. திருப்பிப் பார்த்தால், அடியில் புள்ளி புள்ளியாய் 'க. சி.' என்று எழுத்து வெட்டியிருந்தது. நம் வீடுகளில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுவார்களே, அதேதான்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? விற்பனைக்கு வைக்கிற புது உரலில் எந்தக் கடைக்காரன் வேறு ஆளின் பெயரை வெட்டுவான்? ஆறு படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில்: 'அன்புள்ள விற்பனையாளரே, நீங்கள் இணைத்த ஆதாரம் போதுமானது அல்ல.' பொதியைப் பிரிக்கும்போது, சீட்டு தெரியத் தொடக்கத்தில் இருந்து வெட்டாமல் எடுத்த வீடியோ வேண்டுமாம். சரி, மனுசனோடு கதைத்துப் பார்க்கலாம் என்று தளத்தின் சட் (chat) பெட்டியில் எழுதினேன். முதலில் வந்தது இயந்திரம். பிறகு வந்தவர் பெயர் சொன்னார், ஐந்து நிமிடத்தில் இன்னொரு பெயர் வந்தது, அவரிடம் முதலில் இருந்து சொல்லவேண்டி இருந்தது. தமிழில் எழுதினால் பதிலே இல்லை. சிங்களத்தில் எழுதினால் ஆங்கிலத்தில் பதில். கடைசியில், முறைப்பாட்டுக்கான கால எல்லை முடிந்துவிட்டது என்று மூடிவிட்டார்கள்.

அன்றில் இருந்து திரும்பி வருகிற எந்தப் பொதியையும் போனை முன்னால் நிறுத்திவைத்துத்தான் பிரிக்கிறோம். அனுப்பும்போதும் ஒரு வீடியோ. இதற்கு நாளுக்கு அரை மணித்தியாலம் போகிறது. விலையுயர்ந்த சாமானின் அடியில் நகப்பூச்சால் ஒரு பொட்டும் வைக்கிறேன். மனைவியின் யோசனை அது, அவளுடைய நகப்பூச்சுத்தான்.

நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு அடித்தால் என்ன என்று பலர் கேட்டார்கள். அந்த இலக்கம் வாங்கி ஏமாந்தவருக்கானது. விற்று ஏமாந்தவன் தளத்தோடு செய்த ஒப்பந்தத்தைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். 'தேவைப்படும்போது விதிகளை மாற்றும் உரிமை எமக்கு உண்டு' என்று அதில் பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது. இப்போது வாசித்துவிட்டேன்.

நீத்துப்பெட்டியைப் பட்டியலில் இருந்து எடுத்தேன், ஏற்கெனவே வந்திருந்த ஓர்டர்களை இரத்துச் செய்தேன். இரத்து வீதம் கூடிவிட்டது என்று கணக்கை முடக்கினார்கள். அப்போது எனக்கு வரவேண்டி இருந்தது 84,600 ரூபா. நாற்பத்தைந்து நாள் கழித்து 53,000 வந்தது. மிச்சத்தைக் கேட்டால் 'சரிசெய்தல்' என்ற ஒரு சொல்தான் பதில்.

அந்த நாற்பத்தைந்து நாளுக்குள் இன்னொரு கூத்தும் நடந்தது. ஒருவர் போன் எடுத்து, தளத்தின் விற்பனையாளர் பிரிவில் இருந்து பேசுவதாகச் சொன்னார். கடைப் பெயர் தெரிகிறது, காசு முடங்கிக் கிடப்பதும் தெரிகிறது. "உங்கள் காசை இப்போதே விடுவிக்கிறேன், போனுக்கு வருகிற ஆறு இலக்கத்தை மட்டும் சொல்லுங்கள்." எனக்கிருந்த எரிச்சலில் சொல்லியே இருப்பேன். பக்கத்தில் இருந்த என் அக்காவின் மகள் போனைப் பறித்து வெட்டிவிட்டாள். வந்த செய்தியைப் பார்த்தால் அது வங்கியின் ஓ.டி.பி. இலக்கம், என் கணக்கில் இருந்து காசு வெளியே போவதற்கானது. காசு வருவதற்கு எந்த இலக்கமும் சொல்லத் தேவையில்லை. எங்கள் விபரம் அவருக்கு எப்படிப் போனது என்று தளத்துக்கு எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். கணக்கு முடங்கிய அன்று இரவுதான் உண்மையான நட்டம் தெரிந்தது. ஐந்து வருடத்தில் நாலாயிரத்துக்கு மேல் ஓர்டர் அனுப்பியிருக்கிறேன், ஒரு ஆளின் போன் இலக்கம்கூட என்னிடம் இல்லை. தொடக்கத்தில் இலக்கம் தெரிந்தது, பிறகு நடு இலக்கங்களில் நட்சத்திரம் போட்டு மறைத்துவிட்டார்கள். 83 கலவரத்தில் அப்பாவின் கடை எரிந்தபோது கடன் கொப்பியும் சேர்ந்து எரிந்தது. ஆனால் யார் யார் என்று அப்பாவுக்குத் தெரியும், அவர்களுக்கும் அப்பாவைத் தெரியும். கொட்டாஞ்சேனையில் இருந்து ஆட்கள் தேடி வந்து பாக்கியைக் கொடுத்ததாக அம்மா சொல்வார். எனக்கு அந்த வசதி இல்லை. என்னிடம் 4.8 நட்சத்திரம் இருந்தது, அதையும் அழித்துவிட்டார்கள்.

அப்படியானால் வேறு என்ன வழி? முழுப் பதில் என்னிடம் இல்லை, இப்போது செய்து பார்ப்பதைச் சொல்கிறேன்.

வெளிநாட்டுத் தளத்துக்குப் போ என்று முதலில் சொன்னவர் பழைய சிலோன் முத்திரை விற்கிற நண்பர். அவரே பிறகு பெருமூச்சு விட்டார். ஈபேயில் 2008இல் இருந்து விற்பவர் வாங்குபவருக்குக் குறைவான மதிப்பீடு போட முடியாது. விற்பவர்கள் பழிவாங்குகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஊசலின் மறுபக்கத்தில் நாங்கள் நிற்கிறோம். அமெரிக்காவுக்கு 800 டாலர் வரை வரியில்லாமல் போன பொதிகளுக்கு இருந்த சலுகையும் 2025 ஆகஸ்ட் 29இல் நின்றுபோனது. பித்தளை உரலை நியூ ஜேர்சிக்கு அனுப்புகிற கனவை மடித்து வைத்துவிட்டேன்.

இப்போது ஓடுவது வட்ஸ்அப்பும் பேஸ்புக் பக்கமும்தான். படமும் விலையும் போடுகிறேன், கேட்பவர்களோடு நானே கதைக்கிறேன். வெள்ளவத்தை ஆட்கள் பாதிப்பேர் நேரிலேயே வந்து எடுக்கிறார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்றால் இரவு பஸ். நீத்துப்பெட்டியை ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கயிறு போட்டுக் கட்டிவிடலாம், அங்கே யாரும் ஐயாயிரத்தால் வகுப்பதில்லை.

இதிலும் திருட்டு இருக்கிறது. காசு போட்டுவிட்டேன் என்று வங்கி ஸ்லிப்பின் படம் அனுப்புவார்கள். எனக்கு வந்த ஒன்றில் தொகை மட்டும் வேறு எழுத்துருவில் இருந்தது, கொஞ்சம் தடிப்பாக. வங்கிக்கு வங்கி உடனே காசு மாற்றுகிற செஃப்ட்ஸ் முறையில் போட்ட காசு சில நொடியில் கணக்கில் விழும், சனி ஞாயிறு என்றாலும் விழும். 'திங்கட்கிழமை வரும், சாமானை இப்போதே அனுப்புங்கள்' என்றால் அனுப்பாதீர்கள். ஸ்லிப்பைப் பார்க்காமல் கணக்கைப் பாருங்கள். சாமான் கிடைத்ததும் காசு என்று கேட்டால், கூரியர் காசை மட்டும் முதலில் வாங்கிக்கொள்கிறேன். வாசலில் நின்று 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் போகக் காசும் வரக் காசும் என் தலையில்தானே?

விற்பனை முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்குதான். சொந்தமாக இணையக்கடை போடலாம் என்று அக்காவின் மகள் சொல்கிறாள். போடலாம், ஆனால் அங்கே ஆட்களைக் கூட்டிவர விளம்பரத்துக்குக் கொட்டவேண்டும். பார்ப்போம். தளத்தை முழுக்க விடமுடியாதவர்கள் அங்கே மலிவான, சின்னப் பெட்டிச் சாமானை மட்டும் வையுங்கள், காசைச் சேரவிடாமல் கிழமைக்குக் கிழமை எடுங்கள். பொதிக்குள் கடை விலாசத்தோடு ஒரு அட்டை போடுவதும் நல்லது. எங்கள் தளத்தில் அதற்கும் தண்டம் இருந்தது, விதியைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கொப்பி ஒன்று வாங்கியிருக்கிறேன், 160 பக்கம். வட்ஸ்அப்பில் வாங்குகிற ஒவ்வொருவரின் பெயரும் ஊரும் இலக்கமும் அதில் ஏறுகிறது. இன்றைக்கு 212 பேர்.

அந்த அலுமினிய உரல் இன்னும் கடையில்தான் தொங்குகிறது. அச்சைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து மாவை எல்லாம் எடுத்தாயிற்று. அப்படி எழுத்து வெட்டுவது பெரும்பாலும் சீதனப் பாத்திரத்துக்குத்தான். யாருடைய அம்மாவாவது, அம்மம்மாவாவது 'க. சி.' என்றால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். காசு வேண்டாம். என்னுடைய பித்தளை உரலைக் கொண்டுவந்தால் தேத்தண்ணீரும் தருகிறேன்.