மாட் போட்ட ஸ்கைரிம்: சில வருட அனுபவம்

ஸ்கைரிம் 2011 நவம்பரில் வந்த கேம். இன்னும் என் கணினியில் இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் அதைச் செய்த பெதஸ்டா நிறுவனம் அல்ல, ரசிகர்கள் அதற்குச் செய்து போட்ட மாட்கள், அதாவது கேமில் சேர்க்கும் மாற்றங்கள்தான். எந்த மாட் நன்றாக இருக்கும் என்று பட்டியல் போட நிறைய பேர் இருக்கிறார்கள், எனவே அதை விட்டுவிடுகிறேன். புதிதாக ஏதாவது இறக்குவதற்கு முன் இப்போதெல்லாம் நான் ஸ்கிரீன்ஷாட்டைக்கூட அப்புறம்தான் பார்க்கிறேன். முதலில் பார்ப்பது அனுமதிப் பகுதியை.

நெக்ஸஸ் மாட்ஸ் தளத்தில் ஒவ்வொரு மாட் பக்கத்திலும் அது இருக்கும். மடித்து வைத்திருப்பதால் பலர் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். வேறு தளத்தில் ஏற்றலாமா, திருத்தி வெளியிடலாமா, வேறு கேமுக்குக் கொண்டுபோகலாமா, உள்ளே இருக்கும் டெக்ஸ்சர் என்ற மேற்பரப்புப் படத்தையும் முப்பரிமாண மாடலையும் எடுத்து இன்னொரு மாட் செய்யலாமா என்பதற்கெல்லாம் செய்தவர் அங்கே பதில் சொல்லியிருப்பார். சும்மா விளையாடுகிற நமக்கு இது எதற்கு என்று தோன்றும். கேம் அப்டேட் ஆகிற அன்று தெரிந்துவிடும்.

2016 அக்டோபரில் 64-பிட் ஸ்பெஷல் எடிஷன் வந்தது. பழைய மாட்கள் பலவற்றில் அனிமேஷன் கோப்புகளையும் மெஷ் என்ற வடிவக் கோப்புகளையும் மாற்றினால்தான் அதில் ஓடும். நம் கணினிக்கு மட்டும் என்றால் நாமே மாற்றிக்கொள்ளலாம், யாரும் கேட்கப் போவதில்லை. மாற்றியதை ஊருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் செய்தவர் சம்மதிக்க வேண்டும். அவரோ இந்தப் பக்கமே வராமல் போய் வருஷங்கள் ஆகியிருக்கும். 2021 நவம்பர் 11 அன்று வந்த ஆனிவர்சரி அப்டேட் இதைவிட மோசம். கோடை இயங்கும் நிரலாக மாற்றும் கம்பைலரையே மாற்றி, கேமைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். கேமோடு சேர்ந்து ஓடி அதன் திறனைக் கூட்டும் எஸ்கேஎஸ்இ என்ற ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டரை நம்பியிருந்த டிஎல்எல் மாட்கள் ஒரே நாளில் படுத்துவிட்டன. சோர்ஸ் கோடு திறந்திருந்தால் யாராவது எடுத்துத் திருத்தி, மறுபடி கம்பைல் செய்து போட முடிந்தது. மூடி வைத்தவற்றுக்கு, செய்தவர் திரும்பி வந்தால்தான் உயிர். 2023 டிசம்பர் அப்டேட்டிலும் கொஞ்சம் சின்ன அளவில் இதே கதை. கேமை வாங்கிய ஸ்டீம் தளத்தில் ‘நான் தொடங்கும்போது மட்டும் அப்டேட் செய்’ என்று வைத்துவிட்டு, எப்போதும் எஸ்கேஎஸ்இ வழியாகவே கேமைத் திறப்பது என் வழக்கம். நிம்மதியாக இருக்கிறது.

சரி, திருத்துவதற்கு வருவோம். ஆல்வோர் என்று ரிவர்வுட் கிராமத்தில் ஒரு கொல்லர். ஊர்க்காரர்களின் முகத்தை அழகாக்கும் மாட் ஒன்றும், அவர்களின் உடையை மாற்றும் மாட் ஒன்றும் சேர்த்துப் போட்டால், ஆல்வோரின் கழுத்து ஒரு நிறமாகவும் முகம் கரி பூசினாற்போலவும் இருக்கும். முகத்தின் மெஷ், டெக்ஸ்சர் கோப்புகள் முதல் மாட் கொடுத்தவை. மூக்கும் முடியும் எது என்று சொல்லும் ரெக்கார்டு, கடைசியாக லோடு ஆகிற இரண்டாவது மாட் கொடுத்தது. இரண்டும் பொருந்தவில்லை என்றால் கேம் இப்படிக் கறுத்த முகத்தைக் காட்டும். எஸ்எஸ்இ எடிட் என்ற திருத்தும் கருவியில் ஆல்வோரைத் திறந்தால் மூல கேம், முதல் மாட், இரண்டாவது மாட் என்று மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். முரண்படும் வரிகள் நிறம் மாறித் தெரியும். இந்த ரெக்கார்டுகளைச் சுமக்கும் பிளகின் கோப்பு ஒன்றைப் புதிதாகச் சின்னதாகத் தொடங்கி, முகத்துக்கான வரிகளை இங்கிருந்தும் உடைக்கான வரிகளை அங்கிருந்தும் மவுஸால் இழுத்துப் போட்டு, அதைக் கடைசியில் லோடு செய்தால் ஆல்வோர் மனிதராகிவிடுவார். அதற்கு லைட் பிளகின் என்று அடையாளம் கொடுத்துவிடுவது நல்லது. முழு பிளகின்கள் 254-க்கு மேல் ஏறாது, லைட் என்றால் 4096 வரை போடலாம். இந்த வேலையில் எனக்கு விளையாடுவதைவிட ருசி அதிகம். வீட்டில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

முரண்பாட்டைச் சரிசெய்ய இப்படிச் செய்த பேட்ச்சில் அந்த இரண்டு மாட்களைச் செய்தவர்களின் கோப்பு எதுவும் இல்லை. தனக்கு முன்னால் இருக்க வேண்டிய மாஸ்டராக இரண்டையும் காட்டுகிறது, அவ்வளவுதான். வேண்டுமென்பவர் மூல மாட்கள் இரண்டையும் செய்தவர்களிடமிருந்தே இறக்கிக்கொள்ள வேண்டும். அதனால்தான் பேட்ச் பகிர்வதில் பெரும்பாலும் தகராறு வருவதில்லை. டெக்ஸ்சரைத் தொட்டுத் திருத்தினால் விஷயம் வேறு. அதைக் கேட்காமல் வெளியிடக் கூடாது.

என் பேட்ச்களை ‘எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், பெயர் மட்டும் போடுங்கள்’ என்றுதான் விட்டிருக்கிறேன். ஒருவர் அதில் இரண்டை ஒன்றாக்கி, நான் கவனிக்காத மூன்றாவது முரண்பாட்டையும் சரிசெய்து போட்டார். இப்போது நான் பயன்படுத்துவது அவருடையதைத்தான். இன்னொரு தளம் அதே கோப்பை எடுத்து, பெயரையும் நீக்கி, நாலு விளம்பரப் பக்கம் தாண்டினால்தான் இறங்கும்படி வைத்தது. இறங்கியது பழைய பதிப்பு. அது ஓடவில்லை என்று திட்டு வாங்கியதோ நான். அனுமதியை இறுக்கி மூடுகிறவர்கள் ஏன் மூடுகிறார்கள் என்பது அப்போது புரிந்தது, ஆனாலும் நான் மூடவில்லை.

மாட்களை நிர்வகிக்கும் ரை பாஷ் என்ற கருவியைத் தொடங்கிய ரை, ஸ்கைரிமுக்கு முன்பே இந்த அனுமதி விஷயத்தை இரண்டு மனப்போக்காகப் பிரித்து எழுதியிருந்தார். ஒன்று, மாட் என்பது செய்தவர் வீட்டு வரவேற்பறை: விருந்தாளி பார்த்துவிட்டுப் போகலாம், சாமானை நகர்த்தக் கூடாது. மற்றது கதீட்ரல் என்ற பெரிய தேவாலயம்: ஆளுக்கொரு கல் வைத்துத் தலைமுறையாகக் கட்டுவது. ஸ்கைரிமில் கதீட்ரல் வெதர்ஸ், கதீட்ரல் லேண்ட்ஸ்கேப்ஸ் ஆகிய மாட்கள் அந்தப் பெயரோடும் திறந்த அனுமதியோடும் வந்தன. அவற்றின் மேல் கட்டப்பட்டவை ஏராளம்.

காசு நுழைந்தால் இந்தச் சண்டை எப்படிச் சூடேறும் என்பதை 2015 ஏப்ரலில் பார்த்தோம். 23-ஆம் தேதி ஸ்டீமை நடத்தும் வால்வும் பெதஸ்டாவும் ஸ்டீம் ஒர்க்‌ஷாப்பில் மாட் விற்பனையைத் திறந்தன. செய்தவருக்கு 25 சதவீதம், பெதஸ்டாவுக்கு 45, வால்வுக்கு 30. அதில் மீன்பிடி மாட் ஒன்று, வேறொருவர் இலவசமாகக் கொடுத்த அனிமேஷன் கருவியைச் சார்ந்திருந்ததால் தகராறாகி விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. 27-ஆம் தேதி மொத்தத் திட்டத்தையும் திரும்பப் பெற்றுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பங்கீட்டைத்தான் எல்லோரும் திட்டினார்கள். எனக்கு அந்த மீன்பிடி விவகாரமே பெரிதாகப் பட்டது. இலவசமாக இருந்தவரை யார் தோளில் யார் நிற்கிறார்கள் என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

2021-இல் நெக்ஸஸ் ஒரு முடிவெடுத்தது: ஏற்றிய கோப்பைச் செய்தவரே இனி முழுதாக அழிக்க முடியாது, பட்டியலிலிருந்து மறைக்கத்தான் முடியும். கோபத்தில் சிலர் மாட்களை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். பயனர் என்ற முறையில் எனக்கு அது வசதி. செய்தவர்கள் பக்கம் நின்றால் அந்தக் கோபமும் நியாயம்தான்.

என் செட்டப்பைப் பார்த்துவிட்டு, “அண்ணா, ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் போட்டுத் தாங்களேன்” என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் மாட்களை அடுக்கப் பயன்படுத்தும் மாட் ஆர்கனைசரிலிருந்து பெயர்ப் பட்டியல், லோடு வரிசை, என் பேட்ச்கள் மூன்றையும் மட்டும் கொடுப்பேன். வாபஜாக் என்ற கருவி செய்வதும் ஏறக்குறைய இதுதான்: மாட் கோப்புகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொன்றையும் மூல இடத்திலிருந்து இறக்கி அதே வரிசையில் அடுக்கித் தரும். நெக்ஸஸில் இலவசக் கணக்கு என்றால் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்துகொண்டே இருக்க வேண்டும், பெரிய பட்டியல் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்த வழியில் போகலாம், ஆனால் முதல் வாரம் மெனுவை மாற்றும் ஸ்கையூஐ மாதிரி நாலைந்து மாட் மட்டும் போட்டு விளையாடிப் பார்த்துவிட்டுப் போங்கள். விளையாட்டின் நடுவில் ஸ்கிரிப்ட் உள்ள மாட் எதையும் நீக்காதீர்கள். அதன் மிச்சம் சேவ் கோப்பிலேயே ஒட்டிக்கொள்ளும்.