பால்வீதியைப் பிடிக்கும் பலகை விளையாட்டு: பெட்டி அழகு, கணக்கு உதைக்கிறது

சிங்கப்பூரில் பூகிஸ் பக்கத்து கஃபேக்களில் கைமாறும் விண்வெளிப் பேரரசு விளையாட்டு இது. சொந்தமாக வாங்கினால் நூறு வெள்ளியைத் தாண்டும். பலகை தடிமன், மரக்காய்கள் நல்ல கனம், அச்சு பிரமாதம். இடறுவது எரிபொருள் விதி.

கப்பல் ஒன்றுக்கு ஒரே ஒரு எரிபொருள் வில்லை. கிளம்பவும் அதுதான், போய் நிற்கவும் அதுதான். ஆனால் ரஷ்ய ராக்கெட் அறிவியலாளர் சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட சமன்பாட்டின்படி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் தேவைப்படும் எரிபொருள் மடங்குமடங்காகப் பெருகிக்கொண்டே போகும். அணுக்கரு இணைவில் ஓடும் எஞ்சின் நொடிக்கு 10,000 கி.மீ. வேகத்தில் பின்னால் கக்குகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கை எட்ட, கிளம்பும் எடை வெறுங்கப்பலைப் போல 20 மடங்கு. போன இடத்தில் நிற்கவும் வேண்டுமா? 40 அல்ல, 400 மடங்கு. அந்த வேகத்தில் ஒரு டன் கப்பலின் இயக்க ஆற்றல் மட்டுமே சிங்கப்பூர் இரண்டு ஆண்டில் செலவழிக்கும் மின்சாரத்தைவிட அதிகம்.

திருத்தம் எளிது: நிற்காமல் கடக்கும் உளவுக் கப்பலுக்கு 1 வில்லை, இறங்கும் கப்பலுக்கு 20. பெட்டியில் உள்ள வில்லைகள் போதாது, பொத்தான்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ட நட்சத்திரத்துக்கெல்லாம் கப்பல் விடும் பழக்கம் முதல் சுற்றிலேயே நின்றுவிடும்.

தூசிச் சீட்டு கப்பலுக்கு ஒரு புள்ளி மட்டும் குறைக்கிறது. சிரிப்புதான் வருகிறது. அதே வேகத்தில் ஒரு மில்லிகிராம் துகள் மோதினால் சுமார் நூறு கிலோ டி.என்.டி. வெடிமருந்து வெடித்த மாதிரி. கவச வில்லை இல்லாத கப்பலைப் பலகையைவிட்டே எடுத்துவிடுங்கள்.

தலைநகரின் ஆணை எல்லாக் குடியேற்றத்துக்கும் உடனே போய்ச் சேர்வதும் தவறு. சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரமான பிராக்சிமாவே 4.24 ஒளியாண்டு, ஒளிவேகத்தில் கேட்டுப் பதில் வரவே எட்டரை ஆண்டு. ஆணையைச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைத்து, தூரத்துக்கேற்பச் சுற்றுகள் கழிந்தபின் திறக்கலாம்.

ஒன்றை மட்டும் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்: புதுக் குடியேற்றம் நான்கு சுற்று வேரூன்றிய பிறகே அடுத்த கப்பலை விட முடியும். பத்து ஒளியாண்டைக் கடக்க 100 ஆண்டு, நிலைகொள்ள 400 என்று வைத்தாலும், ஒரு லட்சம் ஒளியாண்டு அகலப் பால்வீதியைக் கடக்க 50 லட்சம் ஆண்டு போதும். அதன் வயதோ ஆயிரம் கோடிக்கும் மேல். ஆகவே கட்டிப்போடுவது அகலமல்ல, ஒவ்வொரு தாவலின் செலவுதான். அந்தச் செலவையே விதிப்புத்தகம் இலவசமாக்கியிருக்கிறது.

மேசை வாடகை மணிக்கணக்கில் என்றால் மூன்று பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்காவது ஆள் வந்தால் ஆணைச் சீட்டுகளைத் திறக்கவே நேரம் போய்விடும்.